காத்தவன் கணக்கு

நடந்த காரியத்துக்குச் சாட்சி உண்டு. நடக்காமற் போன காரியத்துக்குச் சாட்சி கிடையாது. வீடு கட்டியவன் வீட்டைக் காட்டலாம். கிணறு வெட்டியவன் தண்ணீரைக் காட்டலாம். தீப்பிடிக்காமல் பார்த்துக் கொண்டவன் எதைக் காட்டுவான்? எரியாத கூரையைத்தான் காட்ட வேண்டும். "கூரை எப்போதும்போலத்தானே இருக்கிறது? இதில் நீ என்ன செய்தாய்?" என்று யாராவது கேட்டால் அவனிடம் பதில் இல்லை.

இந்தச் சங்கடம் வெகு நாட்களாக என் மனத்தில் கிடந்து உறுத்துகிறது. நன்மை செய்கிறவனுக்கு உலகம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. தீமை வராமல் தடுக்கிறவனுக்கு என்ன கணக்கு வைத்திருக்கிறது? அவனும் நன்மை செய்தவன்தானா, அல்லது வாங்கிய கூலிக்கு வேலை செய்தவன் மட்டுந்தானா? தர்ம சாஸ்திரங்களைப் புரட்டி இதற்கு விடை தேடுகிறவர்கள் தேடலாம். கதை எழுதுகிறவனுக்கு மனிதர்களைப் பார்த்துத்தான் யோசிக்கத் தெரியும். ஆகவே இந்தக் கேள்வியை நான் ஒரு விளையாட்டு மைதானத்துக்குக் கொண்டு போகிறேன்.

ஹாக்கி ஆட்டத்தில் ஒரு பக்கத்துக்குப் பதினொரு பேர். பத்துப் பேர் ஓடுகிறார்கள்; ஒருவர் நிற்கிறார். அவருக்குப் பின்னால் 12 அடி அகலமும் 7 அடி உயரமும் உள்ள ஒரு வாசல். கதவில்லாத அந்த வாசலுக்குக் கதவு அவர்தான். கிரிக்கெட் பந்தின் கனமுள்ள ஒரு கெட்டிப் பந்து அவரை நோக்கிப் பாய்ந்து வரும். இன்று கோல் காவலருக்குத் தலைக்கவசமும் மார்புக் கவசமும் இருக்கின்றன. 1950-களில் காலுக்குப் பட்டைகளும் கைக்கு உறையும் கட்டிக் கொண்டு, முகத்தைத் திறந்தபடி வைத்துக் கொண்டு நின்றார்கள்.

அந்த வாசலில் நின்றவர்களில் நமக்கு யாரைத் தெரியும்? தியான் சந்தை எல்லோருக்கும் தெரியும். 1928-இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த ஒலிம்பிக் பந்தயத்தில் இந்தியா முதன்முதலாக ஹாக்கியில் தங்கப் பதக்கம் வாங்கிற்று. ஐந்து ஆட்டங்களில் இந்தியா போட்ட கோல்கள் 29. அவற்றில் 14 தியான் சந்த் போட்டவை. எதிரிகள் இந்தியாவுக்குப் போட்ட கோல் எத்தனை? ஒன்றுகூட இல்லை. கோலில் நின்றவர் பெயர் ரிச்சர்ட் ஆலன். ஐந்து ஆட்டங்களில் பூஜ்யம் என்பது 14-ஐவிடச் சிறிய சாதனையா? ஆனால் பதினான்கை எண்ணலாம். பூஜ்யத்தை எண்ண முடியாது. ஆகவே தியான் சந்துக்குச் சிலை வைத்தோம். அவர் பிறந்த நாளைத் தேசிய விளையாட்டு நாள் ஆக்கினோம். அதெல்லாம் நியாயந்தான். ஆலன் என்ற பெயரை வாசகர்களில் எத்தனை பேர் இதற்கு முன்பு கேட்டிருப்பார்கள் என்பதுதான் என் கேள்வி.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் சென்னையிலேயே ஒருவர் இருந்தார். ரங்கநாதன் பிரான்சிஸ். 1948-இல் லண்டன், 1952-இல் ஹெல்சிங்கி, 1956-இல் மெல்போர்ன் என்று மூன்று ஒலிம்பிக் பந்தயங்களில் தங்கம் வென்ற இந்திய அணிகளில் கோல் காவலராக இருந்தவர். மூன்று தங்கப் பதக்கம் என்பது ஒரு குடும்பத்தில் ஏழு தலைமுறைக்குப் பேசிக் கொண்டிருக்கத் தக்க பெருமை. 1975-இல் அவர் காலமானார். அவருடைய பெயர் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு வழங்குகிறது என்று நான் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

மெல்போர்னுக்குப் போன அணியில் பிரான்சிஸோடு இன்னொரு கோல் காவலரும் இருந்தார். அவர்தான் சங்கர் லட்சுமண். நான் சொல்ல வந்தது முக்கியமாக இவரைப் பற்றித்தான்.

லட்சுமண் பிறந்தது 1933-இல், மத்தியப் பிரதேசத்தில் இந்தூருக்கு அருகேயுள்ள மோவ் என்ற ஊரில். ராணுவப் பாளையம் அமைந்த ஊர் அது; டாக்டர் அம்பேத்கர் பிறந்த ஊரும் அதுதான். லட்சுமண் 1947-இல் பாண்டு வாத்தியக்காரராக ராணுவத்தில் சேர்ந்தார். முதலில் அவருக்கு ஆட்டம் கால்பந்துதான். ஹாக்கி பின்னால்தான் வந்தது. வாத்தியம் வாசிக்க வந்தவர் மராத்தா காலாட்படையின் கோலில் போய் நின்றார். அங்கிருந்து இந்தியாவின் கோலில் போய் நின்றார்.

1956-ஆம் வருஷத்து மெல்போர்னைப் பாருங்கள். இந்தியா ஐந்து ஆட்டங்களில் 38 கோல் போட்டது, வாங்கியது பூஜ்யம். ஆப்கானிஸ்தானுக்கு 14, அமெரிக்காவுக்கு 16 என்று போட்ட நாட்களில் கோல் காவலருக்கு என்ன வேலை இருந்திருக்கும்? சும்மா நிற்கிற வேலைதான். ஆனால் அந்தச் சும்மா நிற்பது இருக்கிறதே, அதுதான் கடினம். பந்து எதிர்க் கோடியில் இருக்கிறது. கூட்டத்தின் கண்களெல்லாம் அங்கே இருக்கின்றன. இவர் தனியாக நிற்கிறார். தூங்கவும் கூடாது, ஓடவும் கூடாது. அரை மணி நேரம் ஒன்றும் நடக்காமல் இருந்து, முப்பத்தோராவது நிமிஷத்தில் கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் நடந்து விடலாம். சும்மா இருப்பது சுலபமல்ல என்று நம் ஞானிகள் சொல்லி வந்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்கு அகப்படவில்லை.

அரை இறுதியில் ஜெர்மனியை இந்தியா வென்றது 1–0. இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானை வென்றதும் 1–0. இப்படிப்பட்ட ஆட்டத்தில் பூஜ்யத்துக்கு என்ன விலை என்று யோசித்துப் பாருங்கள். பூஜ்யம் ஒன்றாகியிருந்தால் அந்தத் தங்கம் ஊசலாடியிருக்கும்.

நான்கு வருஷம் கழித்து, 1960-இல், ரோமாபுரி. மறுபடியும் இறுதி ஆட்டம், மறுபடியும் பாகிஸ்தான், இந்தியாவின் கோலில் மறுபடியும் லட்சுமண். முற்பாதியிலேயே நசீர் அகமது ஒரு கோல் போட்டார். ஆட்டம் 0–1 என்று முடிந்தது. 1928 முதல் தொடர்ந்து ஆறு ஒலிம்பிக் பந்தயங்களில் தங்கத்தைத் தவிர வேறு எதையும் அறியாத இந்தியா அன்று வெள்ளியோடு திரும்பியது.

1964-இல் டோக்கியோ. மூன்றாம் முறையாக அதே இறுதி, அதே எதிரி, அதே காவலர். மொகீந்தர் லால் அடித்த ஒரு கோலால் இந்தியா 1–0 என்று வென்றது. தங்கம் திரும்பி வந்தது.

இந்த மூன்று இறுதி ஆட்டங்களையும் ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். 1–0, 0–1, 1–0. மூன்று ஆட்டங்களில் லட்சுமணைத் தாண்டிப் போன பந்து ஒன்றே ஒன்று. அந்த ஒன்றுதான் ஒரு தேசத்தின் முப்பத்திரண்டு வருஷக் கீர்த்தியை அறுத்தது.

ஆனால் நியாயமாகக் கேட்டால், ரோமில் தோற்றது யார்? முற்பாதியில் ஒரு கோல் விழுந்த பிறகு மிச்ச ஆட்டம் முழுவதும் கிடந்தது. இந்திய முன்னணி ஆட்டக்காரர்கள் ஒரே ஒரு கோல் போட்டிருந்தால் கணக்கு சமமாகியிருக்கும். அவர்கள் போடவில்லை, போட முடியவில்லை. போடாமற் போன கோல்களுக்குப் பட்டியல் கிடையாது. விழுந்து விட்ட கோல் மட்டும் பட்டியலில் ஏறி, கோலில் நின்றவர் தலைக்கு நேராக நிற்கிறது.

எங்கள் கந்தர்வக்கோட்டையில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் தேகப் பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் சாயங்காலம் தேநீர்க் கடை பெஞ்சியில் உட்கார்ந்து அவரிடம் இந்த மூன்று இறுதி ஆட்டங்களைப் பற்றிச் சொல்லிக் கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டு விட்டுச் சிரித்தார்.

"தம்பி, கோல்கீப்பருக்கு வேலையே பந்தைத் தடுக்கிறதுதான். தடுத்தா அது வேலை. விட்டா அது தப்பு. தபால்காரர் தபாலைக் கொண்டாந்து குடுத்தா அவருக்கு மாலையா போடுறோம்?" என்றார்.

"மாலை வேண்டாங்க ஐயா. ஒரு தபால் தவறிப் போனதுக்காக, அவர் அதுவரைக்கும் கொடுத்த தபாலையெல்லாம் இல்லைன்னு சொல்லாம இருந்தாப் போதாதா?" என்று கேட்டேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்து விட்டுச் சிறிது நேரம் சாலையைப் பார்த்துக் கொண்டிருந்தார். தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டை போகிற பஸ் ஒன்று வந்து நின்று போயிற்று. அப்புறம் தாமாகவே பேசினார்.

"நீ சொல்றதிலயும் ஒண்ணு இருக்கு. பள்ளிக்கூடத்துல ஓட முடியாத பையனாப் பாத்துத்தான் கோல்ல நிறுத்துவாங்க. ஜெயிச்ச அன்னிக்குக் கோல் போட்டவனைத் தோள்ல தூக்கிக்கிட்டுப் போவாங்க. கோல்ல நின்ன பையன் தானே பட்டையைக் கழட்டித் தானே தூக்கிக்கிட்டுக் கடைசியா வருவான். தோத்த அன்னிக்கு மட்டும் எல்லாரும் அவனைச் சுத்தி நிப்பாங்க."

இதைவிடச் சுருக்கமாக இந்த விஷயத்தை யாராலும் சொல்லிவிட முடியாது. ஜெயித்த அன்று கடைசியில் வருகிறான். தோற்ற அன்று நடுவில் நிற்கிறான். காவலனுடைய வாழ்க்கை முழுவதும் இதுதான்.

இந்த அநியாயத்தைக் கண்ணுக்குத் தெரிகிறாற்போலச் செய்து வைத்திருக்கிறார்கள் கனடா நாட்டார். அவர்களுக்கு ஹாக்கி என்றால் பனிக்கட்டித் தளத்தின்மேல் சறுக்கியபடி ஆடுகிற ஐஸ் ஹாக்கிதான். நம் தேசத்திலும் லடாக்கில் குளிர்காலத்தில் குளங்கள் உறைந்ததும் அதை ஆடுகிறார்கள். பந்துக்குப் பதில் ஒரு அங்குலக் கனமும் மூன்று அங்குலக் குறுக்களவும் உள்ள கெட்டி ரப்பர் வட்டு. அதற்கும் ஒரு கோல், அதன் முன்னால் ஒரு காவலன். அந்த வட்டு அவனைத் தாண்டி வலைக்குள் போனால், அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு எரியும். ஆயிரக்கணக்கான ஜனங்கள் அந்த விளக்கைப் பார்த்துக் கூச்சல் போடுவார்கள். தடுத்தால் எரிவதற்குப் பச்சை விளக்கு எதுவும் அங்கே இல்லை.

கிளென் ஹால் என்று ஒருவர் அந்த ஆட்டத்தில் 1955 முதல் 1962 வரை இடையில் ஒன்றுகூட விடாமல் தொடர்ந்து 502 ஆட்டங்களில் கோலில் நின்றார். முகமூடி இல்லாமல் நின்றார். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் அவருக்கு வாந்தி வந்து விடும் என்பது அந்நாட்டில் எல்லோரும் அறிந்த சங்கதி. பயமில்லாதவன்தான் காவல் நிற்க முடியும் என்று நாம் எண்ணிக் கொண்டிருக்கிறோம். பயத்தை வயிற்றில் வைத்துக் கொண்டே 502 முறை வாசலுக்குப் போன மனிதனை என்னவென்று சொல்வது? எனக்கென்னவோ அதுதான் மெய்யான தைரியமாகப் படுகிறது.

ஜாக் பிளாண்ட் என்று இன்னொருவர். 1959 நவம்பர் 1-ஆம் தேதி நியூயார்க்கில் வட்டு முகத்தில் பட்டுக் கிழித்து விட்டது. உள்ளே போய்த் தையல் போட்டுக் கொண்டு வந்தார். முகமூடி போட அனுமதித்தால்தான் கோலுக்குத் திரும்புவேன் என்று சொல்லி விட்டார். அவருடைய பயிற்சியாளருக்கு அதில் இஷ்டமில்லை. முகத்தை மூடிக் கொள்கிறவனைக் கோழை என்று கருதிய காலம் அது. வேடிக்கையாக இல்லையா? ஊரைக் காக்கிறவன் தன் முகத்தைக் காத்துக் கொண்டால் அது கோழைத்தனம்! அன்று பிளாண்ட் பிடிவாதமாக இருந்ததால் மெதுமெதுவாக எல்லாக் காவலர்களும் முகமூடி அணியத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு உடையாமல் தப்பிய மூக்குகளும் பறிபோகாமல் தப்பிய கண்களும் எத்தனை? எண்ண முடியாது. மறுபடியும் அதே பூஜ்யந்தான்.

மைதானத்தை விட்டு இனி வெளியே வருவோம். நம் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற மூன்று மீன்களின் கதை ஒன்று இருக்கிறது. வலைக்காரர்கள் வரப் போகிறார்கள் என்று கேட்டவுடனே வருமுன் காப்போன் என்ற மீன் குளத்தை விட்டுப் போய் விடுகிறது. அதுவே புத்திசாலி என்று கதை முடிகிறது. வலைக்காரர்கள் மறுநாள் வந்தபடியால் அது புத்திசாலி ஆயிற்று. அவர்கள் மனம் மாறி வேறு குளத்துக்குப் போயிருந்தால்? மற்ற மீன்கள் அதைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லிச் சிரித்திருக்கும். வருமுன் காக்கிறவனுடைய பெருமை, ஆபத்து வந்து சாட்சி சொன்னால்தான் உண்டு. அவனே ஆபத்தை வரவிடாமல் செய்து விட்டால் அந்தச் சாட்சியையும் அவனே கொன்றவனாகிறான்.

பெரியம்மையை நினைத்துப் பாருங்கள். நம் பாட்டன்மார் காலத்தில் அது வீடு வீடாகப் புகுந்து குழந்தைகளை வாரிக் கொண்டு போயிற்று. மிஞ்சியவர்கள் முகத்தில் தழும்போடு மிஞ்சினார்கள். சிலர் கண்ணை இழந்து மிஞ்சினார்கள். அம்மை குத்துகிறவர் தெருவுக்குள் வந்தால் பிள்ளைகள் குதிருக்குப் பின்னால் ஒளிந்து கொள்ளும். தாய்மார்கள் கதவைச் சாத்துவார்கள். அவரும் திட்டு வாங்கிக் கொண்டே கதவைத் தட்டினார். இந்தியாவில் கடைசியாகப் பெரியம்மை கண்டது 1975-இல். 1980-இல் உலகத்திலேயே அந்த நோய் ஒழிந்து விட்டது என்று அறிவித்தார்கள். இன்று நாற்பது வயதுக்காரன் முகத்தில் அம்மை வடுவைக் காண முடியாது. அந்த வழவழப்பான கன்னங்கள் எல்லாம் யாரோ ஒருவர் தட்டிய கதவுகள். அவர் பெயர் எந்த ஊரிலாவது ஒரு தெருவுக்காவது வைக்கப்பட்டிருக்கிறதா?

எங்கள் பக்கம் வானம் பார்த்த பூமி. செம்மண்ணும் முந்திரிக் காடுமாகக் கிடக்கும். குளமும் ஏரியும் நிறைந்தால்தான் நெல். ஐப்பசி கார்த்திகையில் அடைமழை பிடித்துக் கொண்டால், ராத்திரியில் லாந்தர் விளக்கோடும் மண்வெட்டியோடும் ஏரிக்கரையில் நடக்கிற ஆட்கள் உண்டு. இப்போது கையில் டார்ச்சு விளக்கு, நடை அதேதான். நண்டு வளையில் நீர் கசிகிறதா, கலிங்கில் செத்தை அடைத்திருக்கிறதா என்று பார்த்து, கசிந்த இடத்தில் மண்ணையும் தழையையும் போட்டு மிதித்து விட்டு விடியற்காலம் வீட்டுக்கு வந்து படுப்பார்கள். தை மாதம் அறுவடை ஆகிறது. பொங்கல் வைத்துச் சூரியனைக் கும்பிடுகிறோம், மாட்டைக் கும்பிடுகிறோம். உடையாத கரைக்கு மட்டும் எந்தப் பொங்கலும் இல்லை. என்றைக்காவது கரை உடைந்தால், அன்றைக்கு ஊரார் கேட்கும் முதல் கேள்வி, "ராத்திரி கரையில் யார் இருந்தது?" என்பதுதான்.

2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வந்தபோதும் இதைப் பார்த்தோம். முந்திரியும் தென்னையும் வேரோடு சாய்ந்தன. ஒரு தலைமுறையின் உழைப்பு ஒரே ராத்திரியில் தரையில் கிடந்தது. சாய்ந்த மரங்களை எண்ணினார்கள், எண்ணத்தான் வேண்டும். அதற்கு முந்தின நாள் கூரை வீடு கூரை வீடாகப் போய், "கிளம்புங்கள், பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள்" என்று கெஞ்சிக் கூப்பிட்டவர்களை யாரும் எண்ணவில்லை. அவர்கள் கூப்பிட்டதால் உயிரோடிருக்கிறவன் எவன் என்று எவனுக்குமே தெரியாது. அவனுக்கே தெரியாது.

எங்கள் ஊரின் பெயரைச் சொல்லும்போது எனக்கு ஒரு வேடிக்கையான எண்ணம் வருவதுண்டு. கந்தர்வன் பாடுகிறவன், கோட்டை காக்கிறது. பாட்டும் காவலும் ஒரே பெயருக்குள் ஒட்டிக் கொண்டிருக்கின்றன. கோட்டை காத்தால்தான் கந்தர்வன் பாடலாம். ஆனால் பாட்டைக் கேட்கப் போனவர் எவரும் மதிலைப் பார்த்து ஆகா என்று சொல்வதில்லை.

இதுவரை காவலனுக்காக வக்காலத்து வாங்கினேன். எதிர்க்கட்சியிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விடக் கூடாது.

நடக்காத காரியத்துக்கெல்லாம் பெருமை கொடுப்பது என்று ஆரம்பித்தால், ஏமாற்றுக்காரனுக்குக் கொண்டாட்டமாகி விடும். தாயத்துக் கட்டுகிறவன் என்ன சொல்கிறான்? "பேய் வந்ததா? வரவில்லை அல்லவா? எல்லாம் என் தாயத்தின் மகிமை" என்கிறான். எதிரி வருகிறான், எதிரி வருகிறான் என்று பயமுறுத்தி வரி வாங்கிய அரசர்கள் சரித்திரத்தில் குறைவா? வராத திருடனைத் தடுத்ததாகச் சொல்லி வீட்டுக்காரனையே கொள்ளையடித்த காவல்காரர்களும் உண்டு. சாட்சியில்லாத புண்ணியத்தில் இந்த ஆபத்து எப்போதும் இருக்கிறது. ஆகவே உலகம் காவலனுக்குத் தாராளமாக நன்றி சொல்லத் தயங்குவதில் கொஞ்சம் ஞானமும் இருக்கிறது என்று ஒப்புக் கொள்ள வேண்டும்.

அப்படியானால் மெய்யான காவலனையும் தாயத்துக்காரனையும் எப்படிப் பிரித்து அறிவது? எனக்கு இரண்டு அடையாளங்கள் தோன்றுகின்றன. தாயத்துக்காரன் ஆபத்தைப் பெரிதாக்கிக் காட்டுவான். தான் இல்லாவிட்டால் உலகமே கவிழ்ந்து விடும் என்பான். மெய்யான காவலன் ஆபத்தை அதன் அளவில் பார்ப்பான். அவன் பேச்சில் எதிரி இருப்பதைவிட உயரமாக வளர்வதில்லை. இது ஒன்று. மற்றொன்று இன்னும் முக்கியமானது. தீமை உள்ளே நுழைந்து விட்ட நாளில் தாயத்துக்காரனைத் தேடினால் அகப்பட மாட்டான். மெய்யான காவலன் அதே இடத்தில் நின்று கொண்டிருப்பான். பந்து வலைக்குள் போனதும் அதைக் குனிந்து எடுத்து எறிந்து விட்டு மறுபடியும் நிமிர்ந்து நிற்கிறானே, அந்த நிமிஷத்தில்தான் அவன் யார் என்பது தெரிகிறது. காவலுக்குச் சாட்சி இல்லை என்று முதலில் சொன்னேன். இது ஒன்றுதான் அதற்குக் கிடைக்கிற சாட்சி.

இன்னொரு விஷயத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்தப் பூஜ்யம் முழுவதும் கோல் காவலனுக்கே சொந்தமும் அல்ல. மெல்போர்னில் இந்தியா வாங்காத கோல்களில் லட்சுமணுக்கும் பிரான்சிஸுக்கும் பங்கு உண்டு. பந்து அவர்கள் வரையில் வராமல் முன்னாலேயே மறித்தவர்களுக்கும் பங்கு உண்டு. அந்த இறுதி ஆட்டத்தின் ஒரே கோலைப் போட்ட ரந்தீர் சிங் ஜென்டில்கூடப் பின்வரிசையில் நின்று தடுத்தாடுகிறவர்தான். முன்வரிசைக்காரர்கள் பந்தை எதிர்க் கோடியிலேயே வைத்துக் கொண்டிருந்ததும் ஒரு காவலே. ஆக, பூஜ்யம் பதினொரு பேருக்கும் பொது. இதை யாரும் மறுப்பதில்லை. வெற்றி விழாவில் எல்லோருமே அதைப் பங்கு போட்டுக் கொள்கிறார்கள்.

நான் கேட்பதெல்லாம் இவ்வளவுதான்: பூஜ்யம் பொது என்றால், ஒன்றும் பொதுவாக இருக்க வேண்டாமா? வராத கோலுக்குப் பதினொரு பேரும் பங்காளிகள். வந்த கோலுக்கு மட்டும் ஒருவனே பொறுப்பாளி என்பது எந்த ஊர் நியாயம்? ஏரி நிறைந்தால் ஊர் ஏரி. கரை உடைந்தால் காவல்காரன் ஏரி. குழந்தை நன்றாக வளர்ந்தால் குலத்தின் பெருமை; கீழே விழுந்து அடிபட்டால், "தாய் எங்கே பார்த்துக் கொண்டிருந்தாள்?" இந்தக் கணக்கில்தான் குற்றம் இருக்கிறது. காவலனுக்குப் புகழ் கொடுக்க வேண்டும் என்றுகூட நான் வாதாடவில்லை. பழியைப் பங்கு போட்டுக் கொண்டால் போதும்.

பழியைப் பங்கு போட்டுக் கொள்வது என்றால் நடைமுறையில் என்ன? அதற்கு லட்சுமண் கதையிலேயே விடை இருக்கிறது. ரோமில் தோற்ற பிறகு அவரைத் தூக்கி எறிந்து விடவில்லை. நான்கு வருஷம் கழித்து அதே எதிரிக்கு முன்னால், அதே இறுதி ஆட்டத்தில், அதே வாசலில் அவரையே கொண்டு போய் நிறுத்தினார்கள். "அந்த ஒன்று உன்னுடையது மட்டும் அல்ல" என்பதை இதைவிடக் கௌரவமாகச் சொல்ல முடியாது. 1964-இல் அர்ஜுனா விருது வந்தது. 1967-இல் பத்மஸ்ரீ வந்தது. 1966-இல் பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டுப் பந்தயத்துக்கு அவரையே தலைவராக்கி அனுப்பினார்கள். அங்கேயும் இறுதியில் பாகிஸ்தானை 1–0 என்று வென்றார்கள். விருதுகள் எல்லாம் நல்லவைதான். ஆனாலும் ஒரு காவலனுக்கு மனிதர்கள் கொடுக்கக் கூடிய மிகப் பெரிய பரிசு, தோற்ற பிறகும் அவனை நம்பி வாசலைத் திரும்ப ஒப்படைப்பதுதான் என்று நான் நினைக்கிறேன்.

1968-இல் மெக்ஸிகோவுக்குப் போன அணியில் அவருக்கு இடமில்லை. அங்கே இந்தியா முதன்முறையாக இறுதி ஆட்டத்தை எட்டாமல் வெண்கலத்தோடு திரும்பியது. அவர் போயிருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும் என்று சொல்ல மாட்டேன். அதுவும் நடக்காத காரியம். அதற்கும் சாட்சி இல்லை. அவர் ஆட்டத்தை விட்டார். 1979-இல் ராணுவத்திலிருந்து காப்டனாக ஓய்வு பெற்றார். 2006 ஏப்ரல் 29-ஆம் தேதி அதே மோவ் ஊரில், காலில் அழுகல் நோய் கண்டு இறந்து போனார். எத்தனையோ பந்துகளை மறித்த கால். ஒரு தேசத்தின் வாசலில் வருஷக் கணக்கில் நின்ற மனிதருடைய வாசலில், அந்த நோயை மறிக்கக் காலத்தில் யார் நின்றார்கள் என்ற கேள்வி அந்தச் செய்தியைப் படித்தவர்களுக்கு எழாமல் இருக்காது.

இப்போது காலம் கொஞ்சம் மாறியிருக்கிறது. கேரளத்துக்காரரான ஸ்ரீஜேஷ் 2021-இல் டோக்கியோவில் ஜெர்மனிக்கு எதிராகக் கடைசி விநாடிகளில் வந்த பந்தைத் தடுத்தார். 5–4 என்று இந்தியா வென்று, நாற்பத்தொரு வருஷத்துக்குப் பிறகு ஒலிம்பிக் ஹாக்கியில் பதக்கம் கண்டது. அதற்கு முந்தின பதக்கம், 1980-இல் சென்னைக்காரரான வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் வாங்கிய தங்கம். 2024-இல் பாரிஸில் இன்னொரு வெண்கலம் வென்று ஸ்ரீஜேஷ் ஓய்வு பெற்றபோது, அவர் அணிந்த 16 என்ற எண்ணை இனித் தேசிய அணியில் யாருக்கும் கொடுப்பதில்லை என்று தீர்மானித்தார்கள். பெயரே தெரியாமல் போன ஆலனையும் பிரான்சிஸையும் நினைத்துக் கொண்டு அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆனால் எல்லாக் காவலர்களுக்கும் முதுகில் எண் இல்லை. ஏரிக்கரையில் நடக்கிறவனுக்கு இல்லை. கதவைத் தட்டிய அம்மை குத்துகிறவருக்கு இல்லை. ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு அடுப்பை ஒருமுறை பார்த்து, கொல்லைக் கதவை ஒருமுறை இழுத்துப் பார்த்து விட்டுக் கடைசியாகப் படுக்கிற வீட்டுப் பெண்ணுக்கும் இல்லை. அவர்களுக்கு விழா எடுக்க நம்மால் முடியாது. எதற்காக என்று கேட்டால் நாம் காட்டக் கூடியதும் ஒன்றும் இல்லை. என்றைக்காவது ஒருநாள் அவர்களைத் தாண்டி ஏதாவது ஒன்று உள்ளே வந்து விடும். வராமலே இருக்க அவர்கள் தெய்வங்கள் அல்லர். அன்றைக்கு, "யார் பார்த்துக் கொண்டிருந்தது?" என்று கேட்பதற்கு முன்னால், அதுவரை வராத நாட்களை ஒரு நிமிஷம் எண்ணிப் பார்த்தால், அதுவே அவர்கள் கணக்கைத் தீர்த்ததாகும்.